விடாத பொத்தான்

கோயிலில் பின்னேரச் செபத்துக்கான திருந்தாதி மணி அடித்த கையோடு மேசைமேல் இருந்த வயர்லெஸ் செட்டின் இரைச்சல் நின்றுபோனது. எவனோ ஒரு அறுவான் தன் செட்டில் பேசும் பொத்தானை அமத்திவிட்டு விடாமல் இருக்கிறான். ஒருவன் அமத்திப் பிடித்தால் அந்தச் சனலில் வேறு எவனும் வாய் திறக்க முடியாது. பேசாலைக் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

யசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுப்புகிறது. புருஷன் கொலின்ஸ் கடலில். கரைக்கு வரச்சொல்லி ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. வேறு சனலுக்கு மாற்றினாலும் அவர் இதில்தானே காது வைத்திருப்பார்!

"ஆரடா அது? பொத்தானை விடடா! உந்தக் கை அழுகிப் போக!" என்று மைக்கில் கத்தினாள்.

காலையிலும் பொத்தானால்தான் சண்டை. கொலின்ஸ் எப்போதும் பாதிப் பேச்சில் விரலை எடுத்துவிடுவார். "நான் விடச் சொல்லுமட்டும் விடாதேங்கோ!" என்று சீறி, கைச்செட்டை அவர் கையில் திணித்தாள்.

"ஓம், விடமாட்டன்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

கோபத்தில் சொன்ன விசர்க்கதை. அமத்திப் பிடித்திருப்பவனுக்கு எதிர்ப்பக்கம் விடச் சொன்னாலும் கேட்காது.

செட்டுக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம். ஈரக்கால் மணலில் புதைந்து எழும்பும் சத்தம். பிறகு தகரம் அடிபடும் சத்தம் கேட்டது. அவள் தலைக்கு மேலே அடித்த அதே தகரம், அதே நேரத்தில்.

செட் மெல்லக் கீச்சிட்டது.

அவளுக்கு அந்தக் கீச்சு தெரியும். இரண்டு செட்டும் கிட்டக்கிட்ட வந்தால்தான் அப்படிக் கத்தும். காலையில் முற்றத்தில் சோதித்தபோதும் கத்தியது.

அவள் அசையவில்லை. கீச்சு கூடியது. காதைக் கிழித்தது. பின்னால் கடல் சாதாளைப் பாசியின் நாற்றம். குசினிக் கதவு திறந்தது.

திரும்பினாள்.

கொலின்ஸ்தான். வாயிலிருந்து கடல்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கைச்செட்டைப் பிடித்திருந்த கை மணிக்கட்டுவரை அழுகி, தோல் உரிந்து தொங்கியது. பொத்தானை அமத்தியிருந்தது வெறும் எலும்பு.

"விடுங்கோ," என்றாள். "ஐயோ, விடுங்கோ!"

அவருக்குக் கேட்கவில்லை. கைச்செட்டின் சிவப்பு லைட் எரிந்துகொண்டே கிட்ட வந்தது.