கமலநாதன் பெயரில் வந்த டிக்கெட்

பாஸ்வர்ட் கேட்காமலேயே டிக்கெட் கிடைத்துவிட்டது.

ரூபினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். கறுப்புத் திரையில், டிக்கெட் வாங்குவதற்கான கினிட் என்ற கட்டளையைத் தட்டினால் அடுத்த வரியில் பாஸ்வர்ட் கேட்க வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இன்று கேட்கவில்லை. வெள்ளைக் கோடு ஒன்று இமைத்து இமைத்து, வேலை முடிந்துவிட்டது, அடுத்தது என்ன என்பதுபோல் காத்திருந்தது.

நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். பொந்தியானுக்கு வெளியே செம்பனைக் காட்டை ஒட்டியிருந்த அந்தக் குளிர்க்கிடங்கில் வேலையாட்கள் யாருமில்லை. மூன்றாம் அறைக் கதவு எந்தக் கார்டுக்கும் திறக்க மாட்டேன் என்கிறது என்று காவலாளி கண்ணையா மதியம் போன் பண்ணியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த கணவன் யுகேந்திரனிடம், "சீக்கிரம் வந்துடுறேன், நீங்க பாப்பாவைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, நான்கு வயது மலரின் உச்சியில் முத்தம் வைத்துவிட்டு, வீடிருந்த பெக்கான் நானாஸிலிருந்து மழையோடு மழையாகக் காரை ஓட்டி வந்திருந்தாள்.

தகரக் கூரை மேல் மழை நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளிர் இயந்திரங்கள் தாழ்ந்த குரலில் முனகின. உறைந்த மீனின் வாடையும், அன்னாசிச் சாறு எங்கோ சொட்டிப் புளித்துப்போன இனிப்பு வாசமும் கதவிடுக்கு வழியாகக் கசிந்து, சர்வர் அறையின் சூடான பிளாஸ்டிக் நாற்றத்தோடு கலந்து அவள் தொண்டையில் படிந்தன.

டிக்கெட் என்பது பெரிய விஷயமில்லை. ஒருவர் தன் பெயரையும் பாஸ்வர்டையும் ஒருமுறை கொடுத்தால், தலைமை சர்வர் அவர் பெயரில் ஒரு டிக்கெட் தரும். அது காலாவதியாகும்வரை கதவோ கணினியோ தொலைபேசியோ யார் நீ என்று மறுபடி கேட்காது. முகத்தை யாரும் பார்ப்பதில்லை. டிக்கெட்டில் இருக்கும் பெயரைத்தான் நம்பும்.

யார் பெயரில் வந்திருக்கிறது என்று காட்டச் சொன்னாள்.

கமலநாதன்.

அவள் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர். போன வருட மழைக்காலத்தில், இதே மாதிரி ஒரு விடுமுறையில், கேபிள் ஒன்றைச் சரிபார்க்க மூன்றாம் அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கதவு அவர் கார்டை ஏற்றுக்கொள்ளவில்லை. விடுமுறை முடிந்துதான் திறந்தார்கள். ரூபினி சேர்ந்த அன்று அவளுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, அவர் பெயரைச் சர்வரிலிருந்து நீக்குவது. நீக்கினாள். அழித்துவிட்டேன் என்று சர்வர் பதில் சொன்னதும் அவளுக்கு நினைவிருக்கிறது.

பழைய நகல் ஏதாவது மீண்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அந்த டிக்கெட்டை அழித்தாள். இந்த முறை தன் பெயரையும் சேர்த்துக் கட்டளையைத் தட்டினாள். பாஸ்வர்ட் கேட்டது. அவளுக்கு மூச்சு வந்தது. கவனமாக ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

ரூபினி என்ற பெயரில் இங்கே யாரும் இல்லை என்றது திரை.

மறுபடி அடித்தாள். யாரும் இல்லை.

சர்வர் கொடுத்திருக்கும் டிக்கெட்டுகளை எல்லாம் திறந்து பார்த்தாள். அங்கே அவள் பெயர் இருந்தது. சற்று முன்னால்தான் கொடுக்கப்பட்டிருந்தது. வாங்கிய இடம், மூன்றாம் அறைக்குள் சுவரில் பதித்திருக்கும் சின்னக் கணினி.

மேசைத் தொலைபேசியை எடுத்தாள்.

"அங்கள், மூணாவது ரூம்ல யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லைம்மா. காலையிலேர்ந்து பூட்டித்தானே கெடக்கு." கண்ணையா எதையோ மென்றுகொண்டிருந்தார். "ஏம்மா?"

"சும்மா. ஒரு தடவை போய்ப் பாருங்களேன்."

"இந்த மழையிலயா?" என்றார். பிறகு, "சரி லா, போறேன்" என்றார்.

அவள் காத்திருந்தாள். ஏர்கான் சத்தம் கூடியதுபோல் இருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. உள்ளங்கைகளைத் தேய்த்து வாயருகே வைத்து ஊதினாள். மூச்சு வெள்ளையாக வந்தது.

தொலைபேசி அடித்தது.

"தொறந்துடுச்சும்மா. என் கார்டை இன்னும் வைக்கவே இல்ல, கிட்ட போனதும் தானா தொறக்குது. சரி பண்ணிட்டீங்க போல."

"நான் ஒண்ணும் பண்ணல அங்கள்."

"உள்ள ஆளே இல்ல. ஒரே பனி. நான் காவல் போஸ்டுக்குப் போறேன், நனைஞ்சிட்டேன்."

"கதவைச் சாத்துங்க. அங்கள்? கதவைச் சாத்திட்டுப் போங்க."

வைத்துவிட்டிருந்தார்.

மேசையின் ஓரத்தில் கேமராத் திரை ஒன்று இருந்தது. நடைபாதை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. கண்ணையாவின் முதுகு திருப்பத்தில் மறைந்தது. மூன்றாம் அறையின் வாயிலிலிருந்து பனிப்புகை தரையோடு தரையாக ஊர்ந்து வெளியே வந்தது. நெடுநேரம் புகை மட்டும்தான். பிறகு புகைக்குள் இரண்டு கால்கள். வெளியே வந்தது ஒரு பெண். நீலச் சட்டை. தோளில் துப்பட்டா. கேமராவுக்கு முதுகு காட்டி நின்று, கூந்தலை அவிழ்த்து, ஒரு கையாலேயே சுற்றி, கிளிப்பை மாட்டிக்கொண்டாள். நிதானமாக. ரூபினி மாட்டுவது மாதிரியே.

ரூபினி தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். நீலம்.

அந்தப் பெண் நடந்து போனாள். இடது காலை லேசாகச் சாய்த்து வைத்து. மலரைப் பெற்றபின் ரூபினிக்கு வந்த நடை அது. வாசல் கதவில் கையை வைத்தாள். கதவு வழிவிட்டது.

மேசைமேல் வைத்திருந்த கார் சாவி அங்கே இல்லை.

எழுந்து ஓடினாள். கார்டைச் சர்வர் அறைக் கதவில் வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அவசரத்துக்கென்று இருந்த பச்சைப் பொத்தானைக் குத்தினாள். உள்ளே ஏதோ டக் என்றது. கதவு அசையவில்லை. பூட்டுக்கு மேலிருந்த சின்னத் திரையில் ஒரு பெயர் மட்டும் ஒளிர்ந்தது.

கமலநாதன்.

இரண்டு கையாலும் தட்டினாள். இரும்பு சுட்டது. அவ்வளவு குளிர்.

கேமராவில் இப்போது வாசல். மழை. காவல் கூண்டிலிருந்து கண்ணையா கையாட்டினார். காருக்குள்ளிருந்து ஒரு கை திருப்பி ஆட்டியது. தடுப்புக் கட்டை மேலே போனது.

தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தாள்.

"அங்கள், காரை நிறுத்துங்க. அது நான் இல்ல. நான் உள்ள இருக்கேன். சர்வர் ரூம்ல."

அவர் முன்னால் இருக்கும் தொலைபேசியில் பேசுகிறவரின் பெயர் தெரியும்.

"கமலநாதா?" என்றார் கண்ணையா. குரல் சிறுத்துப்போயிருந்தது. "போயிடுய்யா."

"அங்கள், நான் ரூபினி."

"அதே குரல்..." அவர் அழுதுகொண்டிருந்தார். "அன்னிக்கு நான் லீவுலய்யா. சத்தியமா எனக்குத் தெரியாது. என்னை விட்டுடுய்யா."

தொலைபேசி கீழே விழும் சத்தம். ஓடும் சத்தம். அப்புறம் மழை.

மேசைத் தொலைபேசியில் வெளியே பேச முடியாது. கைபேசியை எடுத்தாள். சிக்னல் இல்லை. அந்தச் சுவர்களுக்குள் எப்போதும் கிடைக்காது. நாற்காலி மேல் ஏறினாள். கூரையருகே கையை நீட்டினாள். வீட்டு எண்ணை அழுத்தினாள். போகவில்லை. மறுபடி. போகவில்லை. விரல்கள் வளைய மறுத்தன. முழங்கையைச் சுவரில் ஊன்றி, கட்டை விரலால் அழுத்தினாள். மறுபடி. மறுபடி. நகங்கள் நீலமாயிருந்தன. பொந்தியான் சாலை முழுதும் அவள் மனசுக்குள் ஓடியது. அன்னாசிக் கடைகள். பாலம். திருப்பம். வீட்டுச் சந்து.

கடைசியில் மணி போனது. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ?" மலர்.

"பாப்பா." உதடு ஒட்டிக்கொண்டது. ஒலிபெருக்கியைப் போட்டாள். "பாப்பா, அப்பாகிட்ட குடு."

"அப்பா குளிக்கிறாங்க."

"கதவைத் தொறக்காத. யார் வந்தாலும் தொறக்காத. அம்மா சொல்றேன்."

"நீங்க யாரு அங்கள்?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு ஆணின் தேம்பல் அந்த அறைக்குள் கேட்டது.

அந்தப் பக்கம் கார் வந்து நின்றது. கார்க் கதவு. செருப்புச் சத்தம். இடது கால் லேசாக இழுபட்டு.

"அம்மா வந்துட்டாங்க!" என்றாள் மலர். போனை எங்கோ வைத்துவிட்டு ஓடினாள். சின்னக் கால்கள். கிரில் திறந்தது.

"அம்மா." குழந்தையின் குரல் தூரத்திலிருந்து, தெளிவாக. "உங்க கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

கிரில் இழுத்துச் சாத்தப்பட்டது. உள்பக்கமிருந்து பூட்டு விழுந்தது.