அஞ்சலை கோப்பில் உள்ளவை

காஜா பெராங்கில் எங்கள் அலுவலகம் இருந்த பழைய பங்களாவுக்கு நானும் கபீர் பாயும் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். மலாயாவின் சுதந்திரத்துக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. எங்கள் லோயர் துரை, வெள்ளைக்கார வக்கீல், அலுவலகத்தை மூடிவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியிருந்தார். புதிய வக்கீலிடம் கோப்புகளை ஒப்படைக்குமுன், ஒவ்வொன்றிலும் என்னென்ன இருக்கிறதென்று ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் எழுதி உள்ளே வைக்க வேண்டும். மலாய், துரையின் மொழிபெயர்ப்பாளரான கபீர் பாய்க்கு. மற்ற இரண்டும் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணியான எனக்கு.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களைச் சாத்தினோம். ஈரச் சுவரும் கரையான் அரித்த மரமும் சேர்ந்த வாடை அறையில் தேங்கியது. கூரை ஓட்டில் மழை விழும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

கடைசிக் கோப்பின் அட்டையில் 'அஞ்சலை' என்றிருந்தது.

"இந்த அம்மாவைத் தெரியுமா பாய்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியும் தம்பி. நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி. ஜப்பான்காரன் புருஷனை சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டான். சண்டை முடிஞ்சும் ஆள் திரும்பல. தேடிக் கொடுங்கன்னு தினமும் வந்து நிக்கும். துரைக்குத் தமிழ் தெரியாது. நான்தான் எடுத்துச் சொல்லணும்."

"சொன்னீங்களா?"

"நாளைக்கு வான்னு அனுப்பிடுவேன். ஒருநாள் இந்த பங்களாவுக்குப் பின்னால இருக்கிற கிணத்துல பொணமாக் கிடந்துச்சு."

கோப்பில் ஒரு மனு, அவள் கணவனின் புகைப்படம், தோட்டத்துக் கங்காணியின் கடிதம். ஆங்கிலத்தில் மூன்றையும் எழுதினேன். பாயும் மலாயில் அதே மூன்றைத்தான் எழுதினார். பிறகு தமிழில் எழுதத் தொடங்கினேன்.

மனு. புகைப்படம். கடிதம்.

என் கை நிற்கவில்லை.

'ஈரத் தலைமுடி, ஒரு கொத்து.'

"என்ன தம்பி எழுதுறீங்க?" என்றார் பாய் மெதுவாக.

"நான் எழுதல பாய்."

அவர் கோப்பைத் திறந்தார். கடிதத்தின் மேல் நீளமான முடிக்கொத்து ஒன்று நீர் சொட்டக் கிடந்தது. பாசி பிடித்த கிணற்று நீரின் வாடை குப்பென்று எழுந்தது.

என் கை மறுபடி நகர்ந்தது. இடக்கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். பேனா தாளைக் கிழித்துக்கொண்டே எழுதியது.

'கபீரின் சட்டைப் பொத்தான்.'

பாய் தன் மார்பைத் தடவினார். மேல் பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. பொத்தான் முடிக்கொத்துக்குள் கிடந்தது.

"எழுந்திரிங்க பாய். ஓடிடுங்க."

அவர் ஓடவில்லை. நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் முழங்காலிட்டார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், சாத்திய கதவருகே யாரையோ பார்த்தார்.

"அஞ்சலை, தப்புதாம்மா. இப்பவாவது நான் போய்ச் சொல்—"

'கபீரின் குரல்.'

பாயின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.

அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுதியதை அடித்தேன். மை பதியவில்லை. 'குரல் திருப்பிக் கொடுக்கப்பட்டது' என்று எழுத முயன்றேன். அதற்கு மட்டும் என் கை அசையவே இல்லை. தாளைச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டு, அவரைத் தாங்கிப் பிடித்து மழைக்குள் இழுத்து வந்தேன்.

தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்றார் டாக்டர். பாயின் மனைவி ரோஷன் பீவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க என்னதான் நடந்துச்சு தம்பி?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். மறுநாள் பங்களாவுக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். கோப்பில் மனுவும் புகைப்படமும் கடிதமும் காய்ந்து கிடந்தன. முடி இல்லை, பொத்தான் இல்லை. என்னவென்று சொல்வேன் அவளிடம்?

சுதந்திர தினத்தன்று பாயைக் கடலோரத் திடலுக்கு அழைத்துப் போனேன். கொடி ஏறியது. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் சேர்ந்து 'மெர்டேக்கா' என்று விடுதலை முழக்கமிட்டார்கள். பக்கத்தில் பாயும் கண் கலங்க வாயைத் திறந்தார்.

கூட்டத்தின் முழக்கம் அடங்கிய பிறகும் அவர் வாய் மூடவில்லை. அதிலிருந்து தாழ்ந்த பெண் குரல் ஒன்று வந்தது.

"எழுதிக்குங்க அண்ணே. இன்னும் இருக்கு."