கன்ட்ரோல் ரத்தம்

பம்ப் ஓடி முடிந்தபின் சிப்பில் ஒன்றுமே நிற்கக் கூடாது. ஒன்று நின்றது.

ஜெஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். தபால்தலை அளவுக் கண்ணாடிச் சிப். அதற்குள் முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள், வாய்க்கால்கள் நெடுக குட்டிக் குட்டித் தூண்கள். ரத்தத்தை ஓடவிட்டால் மற்றதெல்லாம் தூண்களுக்கிடையே நழுவிப் போய்விடும். புற்றுநோய்க்காரர் ரத்தத்தில் கோடியில் ஒன்றாகத் திரியும் செல் மட்டும் மாட்டிக்கொள்ளும். அதற்கு முன்னால் நோயில்லாத ஒருவரின் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். அதுதான் கன்ட்ரோல். காரக்கோணம் ரோட்டிலிருந்த அந்தச் சின்ன லேபில் கன்ட்ரோலுக்கு வெளியாளைத் தேடுவதில்லை. டியூட்டியில் இருப்பவர் கையை நீட்ட வேண்டியதுதான்.

கர்ப்பிணி என்றால் விட்டுவிடுவார்கள். ஆனால் மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒன்பது வருஷம் காத்துக் கிடைத்த பிள்ளை. வியாழக்கிழமை நெய்யாற்றின்கரையில் எடுத்த ஸ்கேனில் அதன் நெஞ்சு துடிப்பதைப் பார்த்துவிட்டு, அவளும் கணவன் ரெஜியும் ஆட்டோவில் அழுதுகொண்டே வீடு வந்தார்கள். அதனால் இன்றும் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லேபில் வேறு ஆளில்லை. வெளியே ரப்பர் மரங்களில் மழை விடாமல் இரைந்துகொண்டிருந்தது; உள்ளே ஏசியின் முனகல், நெடியடிக்கும் ஸ்பிரிட், ஈரச் சுவரின் பூஞ்சை வாடை, இவற்றுக்கெல்லாம் அடியில் பம்பின் மெல்லிய கிர்ர் சத்தம். சீனியர் சத்தியபாயைப் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, கன்ட்ரோல்ல ஒண்ணு நிக்குது."

"உனக்க ரத்தத்துலயா? சிப்பைச் சரியா கழுவியிருக்க மாட்டே பிள்ளே, அதாக்கும். புதுசு ஒண்ணு எடுத்து ஓட்டு."

புதுசு எடுத்தாள். அவசரத்தில் எல்லாரும் செய்யும் குறுக்குவழியையே செய்தாள்: ஊசியைக் கையிலேயே விட்டு, அதன் குழாயை நேராகச் சிப்பில் மாட்டி, பம்பை இழுக்கவிட்டாள்.

ஒன்பது நின்றன.

எனக்கும் புற்றுநோயா? லென்ஸை மாற்றி உற்றுப் பார்த்தாள். இல்லை. இவை சிவப்பணுக்கள், நடுவில் உட்கரு உள்ள சிவப்பணுக்கள். பெரியவர்கள் ரத்தத்தில் அப்படித் திரியாது. வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் உண்டு. அதில் ஒன்றிரண்டு வழிதவறி அம்மாவின் ரத்தத்துக்கு வருமென்று படித்தது ஞாபகம் வந்தது. ஜெஸ்னா வாய்விட்டுச் சிரித்து, வயிற்றைப் பார்த்துச் சொன்னாள்:

"நீயாக்கும் மக்களே!"

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பெற்றவளின் ஆசை, இன்னும் ஒரு நிமிஷம் பார்க்கலாமே என்றது.

நாற்பது. முந்நூறு. பிறகு எண்ண முடியவில்லை. தூணில் மாட்டியவை மெதுவாகத் தூணை விட்டு, ஓட்டத்துக்கு எதிராக நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாயின.

ஒரு மாதமாக மசக்கையில் ஸ்பிரிட் நெடி பட்டாலே அவளுக்குக் குடலைப் புரட்டும். இப்போது நனைந்த பஞ்சு மூக்கருகிலேயே கிடந்தது. ஒன்றும் செய்யவில்லை. மார்வலியும் இல்லை. வயிறு லேசாக இருந்தது, பட்டினி கிடந்த வயிறுபோல.

அடிவயிற்றில் கைவைத்தாள். லென்ஸுக்குள் அந்தக் கட்டி துடித்தது.

பம்பை அணைத்தாள். துடிப்பு தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது.

"வேண்டாம். ஏசுவே, வேண்டாம்."

பம்பைத் திருப்பி ஓட்டினாள். வந்த வழியே போகட்டும். போகவில்லை. தூண்களைப் பிடித்துக்கொண்டது. பிடிக்க அதற்கு ஏதோ இருந்தது.

துடிப்பு நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. அவளால் தாங்க முடியவில்லை. மறுபடி இழுக்கவிட்டாள். குழாயில் ரத்தம் ஏறியது. அது துடித்தது.

போன் அடித்தது. சத்தியபாய். "ஓட்டிக் கழிஞ்சுதா மக்கா? என்ன நிக்குது?"

"அக்கா..." ஜெஸ்னாவின் உதடுகள் வெளுத்திருந்தன. "இதைவிடப் பெரிய சிப்பு நம்மகிட்ட உண்டா?"

"எதுக்கு?"

போனைக் கீழே வைத்தாள். பம்பின் வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். கண்ணாடிக்குள் இடம் போதாமல் அது முதுகை வளைத்து, தலையைத் திருப்பியது.