பின்னால் நூல் பிடிப்பவள்

முதல் தையல் சிக்காமல் விழுந்தது. அதுதான் திரௌபதிக்குச் சரியாகப் படவில்லை.

காலையிலிருந்து ஒரு பாவாடைகூட அவளுக்கு ஒழுங்காகத் தொடங்கவில்லை. ஊசி இறங்கியதுமே அடியில் நூல் சுருண்டு, கொட்டைப்பாக்கு அளவுக்கு உருண்டு, துணியைக் கவ்விக்கொள்ளும். கத்தரி முனையால் நோண்டி எடுத்தால் துணியில் ஓட்டை விழும். இப்போதோ அவள் நூலைப் பிடிக்கவே இல்லை. தெம்பில்லாமல் இடது கை மடியில் கிடந்தது. தையல் மட்டும் எறும்புச் சாரைபோல நேராகப் போயிருந்தது.

தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜம்புகுமாரின் ஜவுளிக் கடைப் பின்கட்டு அறை அது. சென்னையில் மூடிய ஏதோ கம்பெனியிலிருந்து இரண்டு பழைய பவர் மெஷின்களை வாங்கி, உள்பாவாடை தைக்கப் போட்டிருந்தார். எண்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி, மழை விட்டபாடில்லை. சன்னலில் தெரிய வேண்டிய மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. புதுத் துணியின் கஞ்சி வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றன.

புருஷன் தவறிப்போன பிறகு திரௌபதி அடி அண்ணாமலையில் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணி சோறு போடாமல் இல்லை. ஆனால் தட்டை வைக்கிற சத்தத்திலேயே வயிறு நிறைந்துவிடும். இந்த வேலை நிலைத்தால் டவுனிலேயே ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம். நிலைக்காவிட்டால் மறுபடி அந்தத் தட்டுச் சத்தம். அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு.

பக்கத்து மெஷின்காரி ரேணுகாம்பாள் காலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள். "இது கால் மெஷின் மாதிரி இல்லடி, மோட்டாரு. நீ நெனைக்கறதுக்குள்ள ஓடிடும். மேல் நூலு, அடி நூலு, ரெண்டு வாலையும் ஊசிக்குப் பின்னாடி இழுத்துப் புடி. மூணு தையல் விழட்டும், அப்புறம் விடு."

"ரெண்டு கையும் துணியிலயே இருக்குதேக்கா."

"பின்ன, உனக்குப் பின்னாடி நின்னு புடிக்க நாத்தனாரா வருவா? தாலி கட்டறப்பதான் அந்தச் சொகுசெல்லாம். மொத முடிச்சு மாப்ள, மிச்சம் ரெண்டும் நாத்தனா. இங்க மூணும் நீயேதான்!"

சிரித்துக்கொண்டே சொன்னவள், திரௌபதியின் வெறுங்கழுத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் ரேணுகாம்பாள் கிளம்பிவிட்டாள். ஜம்புகுமாரும் எழுந்தார். விளக்கு வைக்குமுன் சாப்பிட்டுவிடுகிற சமண வீடு அவருடையது.

"சாப்ட்டு வந்து பாக்கறேம்மா. துணி ஜாஸ்தி வீணாவுது. மிச்சம் இருக்கறதாவது சரியா வந்தா பாப்போம். தப்பா எடுத்துக்காதீங்க."

தங்கமான மனுஷர். அதனாலேயே அவளால் கெஞ்ச முடியவில்லை.

தனியாக உட்கார்ந்து தைத்தாள். சிக்கியது. பிரித்தாள். மறுபடி சிக்கியது. கண் எரிந்தது, முதுகு விட்டுப்போனது. கோயில் மணி ஈரக் காற்றில் நனைந்து வந்துகொண்டிருந்த நேரம், மெஷின் தலைமேல் நெற்றியைச் சாய்த்து, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"நாத்தனாரே, நீயாவது வந்து புடியேம்மா. இந்த எடம் எனக்கு நெலச்சா போதும்."

விளக்கு வைக்கிற நேரத்தில் பேர் இல்லாத ஆளை உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் களைத்துப்போன வாய் எதையும் யோசிக்காது.

அடுத்த பாவாடைதான் சிக்காமல் விழுந்தது.

அதற்கடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும். சந்தோஷப்படக்கூட அசதியாக இருந்தது. துணியை வைப்பாள், பெடலை மிதிப்பாள், தையல் ஓடும். அடுக்கு வளர்ந்தது. மோட்டாரின் உறுமலுக்குள் மெல்லிசாக இன்னொரு சத்தம் கேட்டது, கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி. மெஷினில் ஏதோ மரை கழன்றிருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் மஞ்சள் வாசனை வந்தது, இப்போதுதான் குளித்துவிட்டு வந்த உடம்பில் வருகிற வாசனை. யாரோ கோயிலுக்குப் போகிறவர்கள் சந்தில் நடக்கிறார்கள் என்று நினைத்தாள்.

கடைசிப் பாவாடையை வைத்துவிட்டு, மிதிக்குமுன், ஊசிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

நூல் வால்கள் இரண்டும் மேஜைமேல் கிடக்கவில்லை. அந்தரத்தில் நீண்டிருந்தன. விறைப்பாக. நேராக. மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். அந்த இடைவெளியை நோக்கி.

அங்கே ஆள் நிற்க முடியாது.

விரலால் ஒரு நூலைத் தொட்டு இழுத்தாள். அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது. கோபமாக இல்லை. செல்லமாக.

கரண்டு போனது.

மோட்டார் இறங்கி இறங்கி அடங்கியது. அறை சாம்பல் நிறமாகிவிட்டது. ஓட்டில் மழை. சந்தில் யாரும் இல்லை. வளையல் சத்தம் இருந்தது.

இப்போது சுவர்ப் பக்கம் இல்லை. அவளுக்குப் பின்னால்.

திரும்ப நினைத்தாள். கழுத்து அசையவில்லை. நூற்கண்டு மெல்லச் சுற்றத் தொடங்கியது, தானாக. நூல் அவள் தோள்மேல் ஏறியது. கழுத்தைச் சுற்றியது. பிடரியில் இரண்டு விரல்கள். ஈரம். பழகிய விரல்கள். ஒரு முடிச்சு. இறுக்கிப் பார்த்தன. இன்னொரு முடிச்சு.

வாசனை விலகியது.

அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சுக்கு மட்டும் நூல் இடம் விட்டது.

கதவு கிறீச்சிட்டது. ஜம்புகுமார் கையை மட்டும் உள்ளே நீட்டி, வாசற்படியோரம் இருந்த பாவாடை அடுக்கை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் அரிக்கேன் வெளிச்சத்துக்குப் போனார். கூப்பிட வாயைத் திறந்தாள். நூல் இறுகியது.

"அடேங்கப்பா!" அவர் குரல் அங்கிருந்து வந்தது. "ஒண்ணுலயும் சிக்கு இல்லியேம்மா! சரி, இனிமே அந்த எடம் உங்களுதுதான். எழுந்து வாங்க, பூட்டணும்."

எழுந்தாள். ஒரு விரற்கடைதான். நூல் அவளைப் பலகையில் உட்கார வைத்தது.

கையைப் பிடரிக்குக் கொண்டுபோனாள். விரலால் தடவினாள். கத்தரியால் வெட்டிவிடலாம், இரண்டு முடிச்சுதானே. ஒன்று. அதன்மேல் இன்னொன்று.

இரண்டுக்கும் அடியில், மூன்றாவது.

கட்டை விரலால் போட்டதுபோல் பெரிதாக, கரடுமுரடாக. அதை யாரும் போட்டதாக அவளுக்குத் தெரியாது. எப்போது விழுந்ததென்றும் தெரியாது. நாத்தனார் போடுவது மிச்சம் இரண்டுதான். முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது.

"வாங்கம்மா, மழ ஜாஸ்தியாவுது."

இரண்டு பேர் உட்காரக்கூடிய நீளப் பலகை அது. அவளுக்கு இடது பக்கம் காலியாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கம், கனமான ஒருவர் வந்து பக்கத்தில் அமர்வதுபோல, பலகை மெல்ல அமிழ்ந்தது.