ஆறு மணிக்குக் கிளம்புகிறவன்

சோதனை முடிந்து ஒரு வாரமாகியும் பொம்மை இன்றும் வேலைக்கு வந்து உள்ளே இருப்பதாகத் திரை காட்டியது.

பொம்மை என்பது ஆளே அல்ல. கட்டடத்தின் கதவுகளையும் விளக்குகளையும் ஆட்டிவைக்கும் நிரலை எழுதியவன், அதைச் சோதிப்பதற்காகக் கற்பனையாக உண்டாக்கிய ஊழியன். புதிதாக ஒருவனை எழுதச் சோம்பல்பட்டுத் தன் பதிவையே நகலெடுத்திருந்தான். உள்ளங்கை ரேகை, வீட்டு முகவரி எல்லாம் அப்படியே இருக்க, பெயர் மட்டும் வேறு. இன்னொரு வித்தியாசமும் உண்டு. பொம்மை தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்புவான். எழுதியவன் ஒருநாளும் அந்த நேரத்துக்குக் கிளம்பியதில்லை.

"வீட்டுக்கு வர்றது உங்க நிழல்தானே. அசலை ஆபீஸ்லயே வச்சுப் பூட்டிட்டு வந்துடுறீங்க" என்பாள் மனைவி. மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இன்றாவது ஆறு மணிக்குப் புறப்பட்டு வந்து பக்கத்தில் உட்காருவதாக, அந்தச் சுடுகின்ற சின்னக் கையில் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். குளிர்சாதனத்தின் முனகலும், நாளெல்லாம் சூடேறிய கம்பிகளின் லேசான தீய்ந்த வாடையும், யாரோ எழுந்துபோனதும் தானாக அசைந்து அடங்குகிற நாற்காலியின் கிரீச்சும் அந்த நீண்ட கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டிருந்தன. பொம்மை எங்கே இருக்கிறான் என்று பார்த்தான். மூன்றாம் தளம், ஜன்னலோர மேசை.

அது அவனுடைய மேசை.

பின்கழுத்தில் ஈரமாக ஒரு மூச்சு. திரும்பினான். யாருமில்லை.

தொலைந்துபோ என்று முனகி, நீக்கும் விசையைத் தட்டினான். திரை கேட்டது: 'இந்த ரேகைக்கு இருவர் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகாத ஆளை நீக்கவா?'

இப்படியொரு கேள்வியை அவன் எழுதவே இல்லை. ஆனால் மணி ஆறாகிக்கொண்டிருந்தது. பொம்மைக்கு ஏது வீடு? 'ஆம்' என்று தட்டினான்.

கூடத்தின் கோடியில் கதவு திறந்தது. ஆள் ஒருவர் கடந்துபோகும் நேரம் திறந்திருந்தது. மூடியது.

ஓடினான். கதவோரம் ரேகை பார்க்கும் கண்ணாடித் தகட்டில் கையை வைத்தான். சிவப்பு. துடைத்து மறுபடி வைத்தான். சிவப்பு.

அவன் கைப்பேசியில் உயிரில்லை. மேசைத் தொலைபேசியில் கீழே காவலாளியைக் கூப்பிட்டான். மணி அடித்தது, எடுப்பாரில்லை. விடாமல் முயன்றான். ஜன்னலில் இருட்டிவிட்டது. வீட்டுக்கு அடித்தான்.

"யாருங்க?"

"நான்தான். கதவு திறக்க மாட்டேங்குது."

"நான்தான்னா யாரு? எங்க வீட்டுக்காரர் வந்தாச்சே." அவள் குரலில் இத்தனை வருஷத்தில் அவன் கேட்டிராத ஒரு நிம்மதி. "பாப்பா பக்கத்துல உட்கார்ந்திருக்காரு."

கூடத்தின் கோடியில் ஒரு வரிசை விளக்கு அணைந்தது. ஆளில்லாத இடத்தில் விளக்கு எரியக்கூடாது. அவன் எழுதிய விதி. கையை ஆட்டினான். அடுத்த வரிசை.

தொலைபேசிக்குள், தூரத்தில், மகள்.

"அம்மா, அப்பா கண்ணை மூடவே மாட்டேங்கிறாரு. என் கையையும் விட மாட்டேங்கிறாரு."

அவன் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது.