மார்வுட் பிரபு எங்கே?

"மார்வுட் பிரபு, காபி ஆறுது" என்றார் பட்லர் டாட்ஸ்.

ஹெஸ்டரின் அப்பா சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"உங்களைத்தான் பிரபு" என்றார் டாட்ஸ் மெதுவாக.

பாவம், அப்பா என்ன செய்வார்? போன மாதம் வரை மார்வுட் பிரபு என்றால் அது ஹெஸ்டரின் தாத்தா. அப்பாவை ஆஷ்பி என்றுதான் அழைப்பார்கள். தாத்தா இறந்த அன்றே அந்தப் பெயரும் பட்டமும் அப்பாவுக்கு வந்துவிட்டன. அழுது முடிக்கக்கூட நேரம் தராத வழக்கம் அது!

ஹெஸ்டரும் தப்பவில்லை. மிஸ் ஹெஸ்டராக இருந்தவள், பிரபுவின் மகள் என்பதால் லேடி ஹெஸ்டர் ஆகிவிட்டாள்.

"லேடி ஹெஸ்டர், ரொட்டிக்கு ஜாம் வேணுமா?"

"அப்படிக் கூப்பிடாதீங்க டாட்ஸ். தாத்தா செத்ததுக்கு எனக்கு யாரும் பரிசு தர வேணாம்."

டாட்ஸ் ஜாமை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா நாடாளுமன்றத்தின் மக்கள் சபையில் பல வருடம் இருந்தவர். செங்கல் சூளைகளில் சின்னப் பிள்ளைகளை வேலை வாங்கக் கூடாது என்று அவர் கொண்டுவந்த மசோதா அங்கே வென்றது. அடுத்து பிரபுக்கள் சபையும் ஏற்றால்தான் அது சட்டமாகும். வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. பட்டம் வந்ததால் அப்பா இனி மக்கள் சபையில் உட்கார முடியாது. பிரபுக்கள் சபைக்குப் போகலாம். ஆனால் அவர் போவதாக இல்லை.

"ஏம்ப்பா போக மாட்டேங்கறீங்க?"

"அங்க சேரணும்னா, பெரிய காகிதச் சுருள் ஒண்ணுல 'மார்வுட்'னு கையெழுத்துப் போடணும் ஹெஸ்டர். அது எங்கப்பா எழுதற பேரு. அதை நான் எழுதினா, அவர் போயிட்டார்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கும்மா."

ஹெஸ்டருக்கும் தாத்தாவின் நினைவு வந்தது. ஆனால் சூளைப் பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள். அப்பாவோடு ஒருமுறை போனபோது, அவளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி தலையில் களிமண் சுமந்து போனாளே!

"நீங்க போகலேன்னா அந்தப் பொண்ணுக்காக அங்க யாருப்பா பேசுவாங்க?"

அப்பா மறுபடியும் கதவுப் பக்கம் பார்த்தார்.

"சரி, ஒண்ணு பண்ணலாம். யாராவது மார்வுட் பிரபுன்னு கூப்பிட்டா, திரும்பிப் பாருங்க. தப்பே இல்ல. நானும் சேர்ந்து பாக்கறேன். தாத்தா இருந்தா அவர் பதில் சொல்லட்டும். இல்லேன்னா நீங்க சொல்லுங்க."

அப்பா முதல்முறையாகச் சிரித்தார். கண் மட்டும் ஈரமாக இருந்தது.

அன்று முதல் வீட்டில் ஒரே கூத்து. டாட்ஸ் கூப்பிடுவார். அப்பாவும் மகளும் கழுத்தை ஒடித்துக்கொண்டு கதவைப் பார்ப்பார்கள். பிறகு அப்பா, "சொல்லுங்க டாட்ஸ்" என்பார்.

"கழுத்துச் சுளுக்குக்குத் தைலம் வாங்கி வைக்கட்டுமா பிரபு?" என்று டாட்ஸ் கேட்டபோது ஹெஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வியாழக்கிழமை அப்பா ஹெஸ்டரோடு கிளம்பினார். பிரபுக்கள் சபையில் ஹெஸ்டர் கதவோரமாக நின்றாள். சபை அதிகாரி எழுந்து, "மார்வுட் பிரபு அவர்களே!" என்று அழைத்தார்.

அப்பா கதவைத் திரும்பிப் பார்த்தார். சபையே காத்திருந்தது. யாரோ இருமினார்கள்.

ஹெஸ்டரும் தன் பின்னால் ஒருமுறை பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, இல்லை என்று மெல்லத் தலையசைத்தாள்.

அப்பா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "இதோ, இருக்கேன்" என்றார். சுருளில் கையெழுத்திட்டார். சூளைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது குரல் நடுங்கவே இல்லை. மசோதா நூலிழையில் வென்றது.

சபை கலைந்ததும் வாயிற்காவலர் ஹெஸ்டரிடம் குனிந்தார். "பாப்பா, நீ யாரு? தனியா நிக்கறியே!"

ஹெஸ்டர் தாத்தாவை நினைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"நான் லேடி ஹெஸ்டர். அதோ வர்றாரே மார்வுட் பிரபு, அவர் எங்கப்பா."