ஏழாம் ரீலுக்கு ஒன்ஸ் மோர்

அலுவலகக் கடிதங்களைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவள் நான். கதை என்று ஒன்றை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் முதற்கண் பொறுத்தருள வேண்டும். அதிலும், எண்பதுகளில் வெளிவந்த ஓர் ஆபாசமான குற்றப் படத்தைப் பற்றி எழுத நேர்ந்துவிட்டது. அதன் பெயரை எழுதக் கை கூசுவதால் விட்டுவிடுகிறேன். நடந்ததை என்னிடம் கூறிய தோழி செந்தமிழ்ச்செல்வியின் அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில், மக்காச்சோளக் கிடங்காகிவிட்ட பழைய திரையரங்கினுள் நுழைந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது ஓர் இருக்கை. ஆள் எழுந்துகொண்டால் அடிப்பலகை தானாகவே மேலே மடிந்துகொள்ளும் பலகை இருக்கைகள் அவை. மூட்டைகளுக்கு இடம்விட்டு எஞ்சிய வரிசைகளில் எல்லாப் பலகைகளும் மடிந்து நிற்க, முன்வரிசையில் ஒன்று மட்டும் யாரோ அமர்ந்திருப்பதுபோல் விரிந்து கிடந்தது.

“பாய், அங்க யாராவது இருக்காங்களா?”

“ஸ்பிரிங்கு போயிடிச்சும்மா. ரொம்ப வருசமா டிக்கெட் எடுக்காம குந்திக்கினு இருக்குது” என்று சிரித்தார் கவுஸ் பாஷா. அரங்கு மூடப்படும்வரை அங்கே படம் ஓட்டிய ஆபரேட்டர் அவர்.

செந்தமிழ்ச்செல்விக்குத் தன் தாயின் முகம் தெரியாது. அவள் தவழும் பருவத்தில், தாய் பூமாலை கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து சென்னைக்கு நடிக்கப் போனாள். சில மாதங்களில் அவள் இறந்த செய்தி வந்தது, உடல் வரவில்லை. அவமானம் தாளாத வீட்டார், இருந்த ஒரே புகைப்படத்தையும் அடுப்பில் இட்டனர். எஞ்சியது அந்தக் குற்றப் படத்தின் ஏழாம் ரீலில் அவள் வரும் ஒரேயொரு காட்சி. அதன் பிரதி கவுஸ் பாஷாவிடம் மட்டுமே மிஞ்சியிருப்பதாக அறிந்து, திரையில் தெரியும் அம்முகத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போவதற்காக வந்திருந்தாள்.

“கொலை சீனும்மா அது. பெத்த பொண்ணு பாக்கற மாதிரி இருக்காது.”

“மொகம் தெரிஞ்சா போதும் பாய்.”

“கடைசியில ஒரு தபா திரும்புவா. அப்ப கண்ண மூடிக்காத. வெளிச்சத்துக்கு எரிக்கிற கார்பன் குச்சி ஒரு ஜோடிதான் மிச்சம் இருக்குது.” படியேறப் போனவர் நின்றார். “இந்த சீனுக்குன்னே கூட்டம் வரும். அவ செத்ததும் விசில் அடிச்சி ஒன்ஸ் மோர்னு கத்துவானுங்க. போடலன்னா சீட்ட ஒடைப்பானுங்க. நிறுத்தி, பின்னால சுத்தி, மறுபடி போடுவேன். ஒரே மேட்னியில அஞ்சாறு தபா செத்துருக்கா உங்கம்மா.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெளியே உச்சிவெயில். கதவுகளைச் சாத்தியதும், சோளத்தூசியும் வௌவால் எச்சமும் பழைய பீடிப் புகையும் கலந்த ஓர் இருள், நனைந்த கம்பளிபோல் மெல்ல அவள் தோள்மீது இறங்கியது. நடுவரிசையில் ஒரு பலகையை அழுத்தி விரித்து அமர்ந்தாள். தலைக்கு மேலே ஆபரேட்டர் அறைக்குள் கார்பன் குச்சிகள் சீறிப் பற்றிக்கொள்ள, எந்திரம் இரைந்து ஓடத் தொடங்க, சிறிய சதுரத் துளையிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் தூசியை ஊடுருவிக் கறைபடிந்த திரையில் போய் விழுந்தது.

மழைபெய்யும் சென்னை. மலிவான லாட்ஜ் அறை. சிவப்பு பல்பின் கீழே, மல்லிகை சூடிய ஒரு பெண் முதுகைக் காட்டி அமர்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. வந்தவனின் முகத்தைக் கேமரா காட்டவில்லை. வெள்ளை ஷூக்களை மட்டும் காட்டியது. பிறகு ஒரு சவரக்கத்தி. கூந்தலைப் பற்றி இழுத்தான். கத்தி கழுத்தில் ஓடியது. சுவரில் இரத்தம் தெறித்த கணத்தில் அவள் திரும்பினாள்; திரும்பிய முகத்தின்மீது அவிழ்ந்த கூந்தல் விழுந்து மூடிவிட்டது. கைப்பேசியில் வெறும் சிவப்புக் கறையே பதிந்தது.

“தெரியல பாய்!” சற்றுமுன் கேட்ட சொல்லே நாவில் வந்து நின்றது. “ஒன்ஸ் மோர்!”

எந்திரம் நின்றது.

“அத இங்க கத்தாதம்மா” என்றது மேலிருந்து குரல். இம்முறை சிரிப்பில்லை.

படச்சுருள் பின்னோக்கிச் சுற்றும் ஓசை கேட்டது. அதனூடே, இருளுக்குள் எங்கோ ஒரு பலகை விரிந்து விழுந்தது. டக். சிறிது நேரங்கழித்து இன்னொன்று. டக். மூட்டைகளில் எலிகள் இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். எலிக்கு அத்தனை கனம் இராது என்றும் எண்ணினாள்.

மீண்டும் லாட்ஜ் அறை. ஆனால், அந்தப் பெண் தலை வாரவில்லை. சீப்பு தரையில் கிடந்தது. கதவின் தாழ்ப்பாளை இரு கைகளாலும் இறுகப் பற்றியபடி, முதுகு நடுங்க நின்றிருந்தாள். வரப்போகிறவனை அவள் அறிந்திருந்தாள். கதவிடுக்கில் நுழைந்த கத்தி முதலில் அவள் விரல்களை அறுத்தது. ஒவ்வொன்றாக அவை, இடுக்கில் நுழைந்துவிட்ட ஷூக்களின்மீது விழுந்தன. பிறகு கழுத்து. திரும்பினாள். விரலற்ற இரு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள்.

செந்தமிழ்ச்செல்வி கைப்பேசியைத் தாழ்த்தினாள். இது முன்பு பார்த்த காட்சி அன்று.

முன்வரிசையிலிருந்து நீண்ட விசில் ஒன்று எழுந்தது.

“ஒன்ஸ் மோர்.”

ஓர் ஆண்குரல். அதற்குப் பின்னால் பல. டக். டக். டக். பக்கவாட்டில், பின்னால், வரிசை வரிசையாகப் பலகைகள் விரிந்தன. பீடி நாற்றம் புதிதாக எழுந்தது.

“பாய், நிறுத்துங்க! நிறுத்துங்க!”

“நான் போடலம்மா… கைய எடுத்துட்டேன். அதுவா சுத்துது. நீ வெளிய ஓடு!”

அவள் எழுவதற்குள் திரை மறுபடி ஒளிர்ந்தது.

மூன்றாம் முறை. சிவப்பு பல்பு. மழை. கட்டில் காலியாக இருந்தது. பெண் இல்லை. கதவு திறந்தது. வெள்ளை ஷூக்கள் அறையின் நடுவே வந்து நின்றன. கட்டிலடியில் தேடின. மெல்லத் திரும்பின. திரையை நோக்கி நடந்து வந்தன. பெரிதாயின. திரையின் கீழ்விளிம்பைத் தாண்டி இறங்கின.

அரங்கு மூச்சடங்கியது.

நடைவழியில் ஈர ஷூக்களின் ஓசை. அவளைக் கடந்து போனது. பின்புறம். ஆபரேட்டர் அறைக்கு ஏறும் மரப்படி. ஒரு படி. இன்னொரு படி.

“யார்ரா அது? கதவு சாத்திதான இருக்குது… யா அல்லா…”

பிறகு சொற்கள் இல்லை. தண்ணீர்க் குழாய் விக்குவதுபோல் ஒரு சத்தம்.

திரையில் கட்டில் காலியாக இல்லை. லுங்கி. நரைத்த தாடி. கவுஸ் பாஷாவின் முகம், பல்பை நேராகப் பார்த்தபடி. கூந்தல் இல்லை மறைக்க. கைகள் எழவில்லை பொத்த. கத்தி நிதானமாக, இடக்காதிலிருந்து தொடங்கியது. அரங்கு முழுவதும் கைதட்டியது.

அப்போது மல்லிகை மணத்தது. பல நாள் மல்லிகை.

டக்.

பக்கத்து இருக்கை.

மூச்சொன்று கேட்டது. வாயிலிருந்து அன்று, வாய்க்குக் கீழேயிருந்து. அவள் கைமீது ஈரமான ஒரு கை வந்து படிந்தது. உள்ளங்கை மட்டும்.

தலையைச் சற்றே திருப்பினால் போதும். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

திருப்பவில்லை.

வெளிச்சம் அணைந்தது.

இழந்தவற்றைக் கூறி முடித்துக்கொள்கிறேன். கவுஸ் பாஷா என்னும் பெரியவர் ஒருவர். உட்புறம் தாழிட்ட அறையில், கழுத்து முற்றிலும் அறுபட்டுக் கிடந்தார். கத்தி கிடைக்கவில்லை. ஏழாம் ரீல்; பெட்டியில் மற்ற ரீல்கள் எல்லாம் இருந்தன, அது மட்டும் இல்லை. முன்வரிசையில் விரிந்து கிடந்த பலகை. காவலர் வந்தபோது மற்றவற்றைப் போலவே மடிந்திருந்தது. நடுவரிசையில், செந்தமிழ்ச்செல்வி அமர்ந்திருந்ததற்குப் பக்கத்தில், ஒன்று மட்டும் ஈரத்தோடு விரிந்திருந்தது. பூமாலையின் முகம்; பக்கத்து இருக்கைவரை வந்தது, மகள் பார்க்கவில்லை.